அரியணையைச் சுற்றி ஒரு காவிக்கோடு

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்குப் பொழுது போகாவிட்டால் மற்றவர்களுக்குத் தூக்கம் போன காலத்தில், ஒரு மன்னன் இருந்தான். சபையில் ஆளாளுக்கு அருகே வந்து காதைக் கடிப்பது அவனுக்குப் பிடிக்கவில்லை. ஒரு நாள் காலை, அரியணையில் அமர்ந்தபடியே, அதைச் சுற்றி, கை நீட்டினாலும் எட்டாத தூரத்தில், காவியால் வட்டமாக ஒரு கோடு போடச் சொன்னான். முரசும் அறைவித்தான்.

"இந்தக் கோட்டினை யார் மீறினாலும், ஒரு விரல் நுனி மீறினாலும், தலை போகும்! அரசர் சொல்லை மீறுவோருக்கும் அதே கதி!"

அந்த நாட்டில் முரசறைந்து சொன்ன சொல்லைப் பொழுது சாயும்வரை மாற்றக் கூடாது. அரசனும் அதற்குக் கட்டுப்பட்டவன்தான்.

அந்தச் சபையின் விகடகவி தோணியப்பன். அவன் வாயைத் திறந்தால் மன்னன் சிரிப்பான். மன்னன் சிரித்தால் பிரதானி அனந்தகீர்த்திக்கு வயிறு எரியும். அன்று அந்த வயிற்றெரிச்சலுக்கு நல்ல வழி கிடைத்தது.

"மகாராஜா, தோணியப்பன் மகா சாமர்த்தியசாலியாயிற்றே! தாம்பூலம் மடித்து, எறியாமல், தன் கையாலேயே தங்கள் திருக்கரத்தில் தரச் சொல்லுங்கள். கோட்டினையும் மீறக் கூடாது, தங்கள் சொல்லையும் மீறக் கூடாது."

மன்னனுக்கு இந்த விளையாட்டு ருசித்துவிட்டது. "தோணியப்பா, பொழுது சாய்வதற்குள் தர வேண்டும். இது நம் ஆணை."

தோணியப்பன் கோட்டினைக் கண்ணால் அளந்தான். கொடுக்கப் போனாலும் தலை போகும், போகாவிட்டாலும் போகும். வாசலில் நின்ற வாள்காரனைப் பார்த்தான். நேற்றுவரை இவன் பேச்சுக்கு விழுந்து விழுந்து சிரித்த மனுஷன், இன்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். அட கடவுளே, விளையாட்டு இல்லை, நிஜமாகவே வெட்டிவிடுவார்கள்!

கோட்டின் ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வெற்றிலையைத் துடைத்தான். காம்பைக் கிள்ளினான். சுண்ணாம்பைத் துளித்துளியாகத் தடவினான்.

"என்னப்பா, இவ்வளவு நிதானம்?" என்றார் பிரதானி.

"அவசரத்தில் சுண்ணாம்பு கூடினால் அரசர் வாய் வெந்துவிடுமே, பிரதானியாரே!"

உச்சிப்பொழுதாயிற்று. மடைப்பள்ளியிலிருந்து நெய் மணம் வந்தது. மன்னன் பசி பொறுக்காதவன். "நீ மடித்துக்கொண்டே இரு, நாம் உண்டு வருகிறோம்" என்று எழுந்து நடந்து, கோட்டினைத் தாண்டக் காலைத் தூக்கினான்.

"ஐயோ அரசே! காலை இறக்காதீர்கள்!"

தோணியப்பன் போட்ட கூச்சலில் சபையே உறைந்துபோயிற்று. மன்னனின் கால் அந்தரத்தில் நின்றது.

"யார் மீறினாலும் என்றல்லவா முரசறைந்தார்கள்? அரசர் நீங்கலாக என்று ஒருவரும் சொல்லவில்லையே!"

மன்னன் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டான். முகம் கறுத்தது. "பிரதானி! நம் சாப்பாட்டை இங்கே கொண்டு வாரும்!"

அனந்தகீர்த்தி தட்டோடு ஓடி வந்தார். கோட்டருகே வந்ததும் கால் நகரவில்லை. மீறினால் தலை போகும். நின்றால் அரசர் சொல்லை மீறியதாகும். 

"கொண்டு வாரும் ஓய்!" மன்னன் கத்தினான்.

வாள்காரன் ஓரடி முன்னே வந்தான். பிரதானி தோணியப்பனைப் பார்த்தார். "அப்பா, எனக்குப் பிள்ளைகுட்டிகள் இருக்கின்றன. ஏதாவது சொல்லப்பா."

தனக்கும் பிள்ளைகுட்டிகள் இருப்பதை அந்த மனிதர் காலையில் நினைத்தாரா என்று தோணியப்பனுக்குக் கோபம் பொங்கியது. ஆனாலும் கைகூப்பினான்.

"அரசே, மீறத்தான் கூடாது. அழிக்கக் கூடாது என்று முரசு சொல்லவில்லை. ஆனால் தாங்கள் போட்ட கோட்டில் அடியேன் கை வைத்தால் அதுவே வரம்பு மீறியதாகிவிடும். போட்டவர்தான் அழிக்க வேண்டும்."

 மன்னன் மண்டியிட்டு, பட்டு உத்தரியத்தால் பரபரவென்று தேய்த்தான். வட்டம் முழுவதும் தேய்த்து முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது. தோணியப்பன் நடந்துபோய் அவன் கையில் தாம்பூலத்தை வைத்தான்.

"இந்த யோசனையைக் காலையிலேயே சொல்லியிருக்கலாமே?" என்றான் மன்னன்.

"காலையில் அது என் தலைக்கு மட்டும் போட்ட கோடு, மகாராஜா. அப்போது சொல்லியிருந்தால் அழித்திருப்பீர்களா?"

 மன்னன் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். காவி படிந்த பட்டினைத் தோணியப்பன் தோளில் போர்த்தி, கழுத்திலிருந்த முத்துமாலையையும் கழற்றிப் போட்டு, "வா, பசிக்கிறது" என்று கையைப் பிடித்து அழைத்துப்போனான். இருவருக்கும் பக்கத்துப் பக்கத்தில் இலை போட்டார்கள். பரிமாறியவர் பிரதானி.