புட்டுக்குடம் என்றதால் ஊரைவிட்டு ஓடியவன்

முன்னொரு காலத்தில் மருதவளநாடு என்று ஒரு நாடு. அதை ஆண்டவர் வேங்கைமாறன். நல்ல ராஜாதான். ஆனால் காலையில் ஒன்று சொல்வார், மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வேறொன்று சொல்வார். யார் கடைசியாகக் காதைக் கடித்தார்களோ அவர்கள் சொன்னதே அன்றைய சட்டம்.

அவருடைய அமைச்சர் பூதலிங்கத்துக்கு இது பழகிப்போன சங்கடம். கோட்டைக் காவல் அதிகாரி வீரகேசரிக்கோ இது பெரிய வசதி. அமைச்சரை எப்படியாவது மட்டம் தட்டவேண்டும் என்பதுதான் அவருக்குச் சாப்பாடு, தூக்கம் எல்லாம்.

ஒருநாள் பக்கத்துக் கருங்கோட்டை நாட்டிலிருந்து ஒருவன் மனைவியோடும் கைக்குழந்தையோடும் ஓடிவந்து அடைக்கலம் கேட்டான். பெயர் சுடலைமுத்து, கூத்தில் கோமாளி வேஷம் கட்டுகிறவன். "எங்க ராஜா புதுசா ஒரு கிரீடம் செஞ்சு போட்டார் மகாராஜா. 'புதுக் கிரீடமா, புட்டுக்குடமா?'ன்னு கூத்துல கேட்டுட்டேன். வீட்டைக் கொளுத்திட்டாங்க. திரும்பிப் போனா தலை இருக்காது" என்றான்.

வீரகேசரி மீசையை முறுக்கினார். "மகாராஜா, இவன் புளுகன். முதலில் கேட்டபோது முன்வாசல் வழியாக ஓடியதாகச் சொன்னான். மறுபடி கேட்டால் கொல்லைப்புறம் என்கிறான். கருங்கோட்டை ராஜா துரத்தியதற்கு முத்திரை வைத்த ஓலை உண்டா என்றால் அதுவும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, சிரித்துக்கொண்டே சொல்கிறான்!"

"பயந்தா எனக்குச் சிரிப்புதான் வரும் ஐயா" என்றான் சுடலைமுத்து. அவன் மனைவி ஆவுடையம்மாள் குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

"பொய்தான் போலிருக்கிறது. திருப்பி அனுப்பிவிடுவோமே" என்று ராஜா கொட்டாவி விட்டார்.

பூதலிங்கம் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். இப்போது எதிர்த்துப் பேசினால் ராஜா வீம்புக்காகவே அனுப்பிவிடுவார் என்று அவருக்குத் தெரியும். எனவே குரலில் தேனைக் குழைத்துக்கொண்டார்.

"வீரகேசரியார் சொல்வது சரி. ஓலைதான் முக்கியம். அதை வாங்கிவர இவரைப் போன்ற தைரியசாலி வேறு யார்? நேரே போய், 'சுடலைமுத்து இப்படிச் சொன்னானாமே, அதற்காக வீட்டை எரித்தீர்களாமே, உண்மையா?' என்று கேட்டுவரட்டும். அதுவரை இவர்கள் கோட்டை வாசலுக்கு வெளியே உள்ள சாவடியில் இருக்கட்டும்."

சபையே பார்த்துக்கொண்டிருக்கும்போது மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? வீரகேசரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு குதிரை ஏறினார்.

சில நாள் கழித்து, கோட்டை வாசலில் ஒரே கூச்சல். ராஜாவும் அமைச்சரும் மதில்மேல் வந்து எட்டிப் பார்த்தார்கள். தலைப்பாகை இல்லை, குதிரை இல்லை, முத்திரை மோதிரம் இல்லை. உடம்பெல்லாம் சேறு. "கதவைத் திற! நான்தான் வீரகேசரி!" என்று ஒருவர் அலறிக்கொண்டிருந்தார்.

"என்ன ஆயிற்று?" என்று பூதலிங்கம் மேலிருந்தபடியே கேட்டார்.

"நீங்கள் சொன்னபடிதான் கேட்டேன்! புட்டுக்குடம் என்ற வார்த்தை வாயிலிருந்து வந்ததுதான் தாமதம், அந்த ராஜா வாளை உருவிவிட்டான். மோதிரத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். தலைப்பாகை ஆற்றோடு போயிற்று."

"குதிரை?"

"முள்காட்டில் விட்டேன். தலைப்பாகையும் அங்கேதான் கிழிந்து…"

"தலைப்பாகை ஆற்றோடு போனதா, முள்ளில் கிழிந்ததா?"

வீரகேசரி திருதிருவென்று விழித்தார். "உயிருக்கு ஓடுகிறவன் தலைப்பாகையைப் பார்த்துக்கொண்டா ஓடுவான்?"

"துரத்தியதற்கு ஓலை இருக்கிறதா?"

"துரத்துகிறவன் நின்று ஓலை எழுதித் தருவானா?" என்று கத்தியவர், தான் சொன்னது தன் காதிலேயே விழுந்ததும் வாயை மூடிக்கொண்டார்.

ராஜாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சாவடியைப் பார்த்து, "சுடலைமுத்து! இவர் சொல்வது மெய்யா பொய்யா? நீயே சொல்" என்றார்.

பூதலிங்கம் இதை எதிர்பார்க்கவில்லை. பழிவாங்க நினைத்தால் அந்தக் கோமாளிக்கு ஒரு வார்த்தை போதும்.

சுடலைமுத்து, மனைவி கையிலிருந்த கஞ்சிக் கலயத்தை வாங்கி வீரகேசரியிடம் நீட்டினான். "மெய்தான் மகாராஜா. கை எப்படி நடுங்குது பாருங்க. முதல்ல குடிக்கட்டும், அப்புறம் கேளுங்க. எனக்கும் எந்த வாசல் வழியா ஓடினேன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

ராஜாவின் சிரிப்பு நின்றது. தானே படியிறங்கி வந்து கதவைத் திறக்கச் சொன்னார். "சுடலைமுத்து, இனி இது உன் நாடு. கூத்துக்கு ஒரு மேடையும் குடியிருக்க வீடும் தருகிறேன்." ஆவுடையம்மாள் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

"வீரகேசரி, இனிமேல் அடைக்கலம் கேட்டு வருகிறவர்களைப் பூதலிங்கம்தான் விசாரிப்பார். நீர் அவர் பக்கத்தில் நின்று, வருகிறவர்களுக்குக் கஞ்சி ஊற்றும்."

வீரகேசரி தலையைக் குனிந்துகொண்டார்.

"அமைச்சரே, உமக்கு என்ன பரிசு வேண்டும்?"

"வாசலில் ஒரு நீளமான பலகை போட்டால் போதும் மகாராஜா, விசாரிக்கப்படுகிறவர்கள் உட்காருவதற்கு. நிற்கவைத்துக் கேட்டால் நினைவு நிற்பதில்லை."

"அவ்வளவுதானா?" என்று ராஜா தன் முத்துமாலையையும் கழற்றி அவர் கழுத்தில் போட்டார்.

அன்று சாயங்காலமே பலகை வந்து சேர்ந்தது. ஆசாரி அதை இறக்கி வைப்பதற்குள் வீரகேசரி தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். பாவம், ஓடி ஓடிக் கால் பூசணிக்காயாக வீங்கியிருந்தது.