நசுங்காத எலுமிச்சம்பழம்

மின்சாரமும் வந்துவிட்டது, மகாராஜாக்களும் ஒழியவில்லை என்கிற ஒரு காலத்தில், கொன்றைநாட்டை மகுடபூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தான். குன்றின்மேல் கோட்டை, அடிவாரத்தில் சந்தை. பிரபுக்களின் எண்ணெய் வண்டிகள் கக்கிய புகையில் ஊரே வருஷக்கணக்காக இருமியது. ராஜா காதில் விழவில்லை. அவனுடைய வெள்ளை மயில் ஒருநாள் தும்மியது. உடனே காதில் விழுந்துவிட்டது!

"இனி மின்சார வண்டி வாங்குகிறவர்களுக்குப் பாதி விலையை அரண்மனை கொடுக்கும்" என்று தண்டோரா போட்டார்கள்.

காய்காரி சிலம்பாயிக்கு உயிர் வந்தது. காலையில் மூன்று சக்கர வண்டியில் காய் மூட்டைகளை ஏற்றி, கோட்டை மேட்டில் மிதித்து மிதித்து அவள் முழங்கால் தேய்ந்தே போயிருந்தது. மழைக்கு முன்னால் ஒரு மின்சாரச் சரக்கு சைக்கிள் கிடைக்காவிட்டால் கோட்டை வியாபாரத்தை விட்டுவிட வேண்டியதுதான். விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது.

மானியத்துக்குப் பொறுப்பு வாகன மந்திரி விசித்திரசேனர்.

"சைக்கிளா?" என்று அவர் மூக்கைச் சுளித்தார். "காலால் மிதிப்பதெல்லாம் வாகனமா? சரி, வீட்டில் போர்ட்டிகோ இருக்கிறதா?"

"வீடே ஒழுகுதுங்க சாமி."

"போர்ட்டிகோ இல்லாதவர்களுக்கு மானியம் இல்லை. விதி."

"விதிய எழுதினது யாருங்க?"

"நான்தான்."

"அதான் உங்க வாசல் அளவுக்கே தச்சிருக்கீங்க!"

நேரே ராஜசபைக்குப் போனாள். அவளை முந்திக்கொண்டு மந்திரி ராஜாவிடம் குழைந்தார்: "பிரபு, திட்டம் அமோக வெற்றி! கோட்டைக்குள் வீட்டுக்கு வீடு மின்சார ரதம். அடியேன் வீட்டிலேயே ஏழு!"

"ஏழு எதுக்குங்க? உட்காருறது ஒரு ஆளுதானே?" என்றாள் சிலம்பாயி.

சபை சிரித்துவிட்டது. ராஜாவுக்கு அன்று பொழுது போகவில்லை. "வாயாடி! உனக்கும் மந்திரிக்கும் ஒரு பந்தயம். எனக்குத் தாகமாக இருக்கிறது. யார் முதலில் எலுமிச்சம்பழம் கொண்டுவருகிறீர்களோ அவர் பக்கம் நியாயம். நீ ஜெயித்தால் சைக்கிள். தோற்றால் கோட்டைக்குள் இனிக் காய் விற்கக் கூடாது."

"எடு ரதத்தை!" என்று மந்திரி கர்ஜித்தார். சாவி எங்கே என்று வண்டிக்காரர் முழித்தார். சாவியைப் பார்த்தவர் யாருமில்லை.

சிலம்பாயியோ சந்தைப் பக்கமே திரும்பவில்லை. எதிர்த்தாற்போலிருந்த மந்திரி வீட்டுக்குள் நுழைந்தாள். அங்கே சாவியைத் தேடி மந்திரி மெத்தையைப் புரட்டிக்கொண்டிருக்கையில், மடி நிறையப் பழத்தோடு சபைக்குத் திரும்பிவிட்டாள்.

சமையற்காரர் பழத்தில் கத்தியை வைத்தார். வழுக்கியது. அமுக்கினார். பழம் எகிறி ராஜாவின் மடியில் விழுந்தது.

"என்ன இது, பழமா, பாக்கா?"

"பழம்தானுங்க, மகாராஜா. மந்திரியார் புது வண்டிக்குப் பூஜை போட்டன்னிக்கு நான் வித்தது. சக்கரத்துக்கு அடியில வச்சா, வண்டி ஏறி நசுக்கணும். ஏழு வண்டியில ஒண்ணுகூட நசுக்கல. நகர்ந்தாத்தானே!"

மூச்சிரைக்க ஓடிவந்த மந்திரி பழங்களைப் பார்த்து வெளிறினார். "பூஜைப் பழத்தை எடுத்தால் தோஷமாச்சே என்றுதான் அப்படியே விட்டுவைத்தேன்..."

"ஆனால் எதிர்வீட்டிலிருந்தும் தினமும் வண்டியில்தானே சபைக்கு வருகிறீர்?" என்றான் ராஜா.

"பழைய எண்ணெய் வண்டியிலதானுங்க வர்றாரு" என்றாள் சிலம்பாயி. "புதுசு அழுக்காயிடுமாம். உங்க மயிலையே கேளுங்க."

மயில் பேரைக் கேட்டதும் ராஜா எழுந்துவிட்டான். "ஏழு வண்டியும் பறிமுதல்! அவற்றை விற்று, சந்தையில் சுமை மிதிக்கிறவர்களுக்குச் சரக்கு சைக்கிள் கொடுங்கள். முதல் சைக்கிள் இவளுக்கு. அது வரும்வரை இவள் வண்டியை மேட்டில் மிதிப்பவர், மந்திரி!"

மறுநாள் காலை கோட்டை மேட்டில் விசித்திரசேனர் நாக்குத்தள்ள மிதித்தார். பூசணி மூட்டைமேல் சிலம்பாயி கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"சாமி, காலால மிதிக்கிறது இப்ப வாகனமுங்களா?"



அத்தோடு நிறுத்தினால் அவன் ராஜா இல்லையே! 'இனி நசுங்கிய எலுமிச்சம்பழத்தைக் காட்டுகிறவர்களுக்கே மானியம்' என்று புதுச் சட்டம் போட்டுவிட்டான். பொழுது விடிந்ததும் சிலம்பாயி கடை வாசலில் பிரபுக்கள் கூட்டம். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் செருப்புக்காலால் நசுக்கத்தான்! பழத்தின் விலையை அவள் இரண்டு மடங்காக்கினாள்.

"அநியாயம்! பாதி விலைக்குக் கொடு" என்றார் பட்டு அங்கவஸ்திரம் போட்ட ஒருவர்.

சிலம்பாயி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பாதி விலை, போர்ட்டிகோ இல்லாதவங்களுக்கு மட்டும்தானுங்க. விதி."