மருதி மேடை அல்ல

ஏரிக்கரைப் புல்வெளியில் மருதி என்றோர் எருமை மேய்ந்து வந்தாள். அவள் புல்லில் கால் வைத்தால் போதும், வெட்டுக்கிளிகள் துள்ளி எழும். அவற்றைக் கொத்தித் தின்றே வயிறு வளர்த்தான் வெள்ளையன் என்ற கொக்கு.

வந்த புதிதில், "மருதியக்கா, உங்க முதுகுல கொஞ்சம் உட்காரட்டுமா?" என்று குழைந்தான். நாள் போகப் போக அவன் பேச்சில் அக்கா காணாமல் போனாள். "என் மேடை" என்று பேச ஆரம்பித்தான். கொழுப்பைப் பாருங்கள்!

ஒருநாள் சொந்தபந்தமெல்லாம் கூட்டி வந்தான். "வாங்க, வாங்க! நம்ம மேடை நல்ல அகலம். தாராளமா உட்காருங்க!"

"வெள்ளையா, முதுகுல புண் இருக்குப்பா. நகம் பட்டா உயிர் போகுது" என்றாள் மருதி.

"இதென்ன கூத்து! மேடை பேசுது!" என்று கொக்குகள் கெக்கலித்தன. வெள்ளையனும் சேர்ந்து சிரித்தான்.

அந்த நேரம் ஏரியிலிருந்து "அம்மா!" என்று ஓர் அலறல். மருதியின் கன்று சேற்றில் கழுத்துவரை புதைந்து கிடந்தது.

"ஐயோ, என் பிள்ளை! எல்லாரும் இறங்குங்க!" என்று பதறினாள் மருதி.

"அசையாதே! இப்பத்தானே உட்கார்ந்தோம்? மேடைக்கு ஏது பிள்ளை?" என்றான் வெள்ளையன்.

கேட்டானே ஒரு கேள்வி! பெற்றவளுக்கு வயிறு எரியாதா? மருதி உடம்பை ஓர் உலுக்கு உலுக்கினாள். கொக்குகள் பொத்துப் பொத்தென்று விழுந்தன. அவள் சேற்றில் பாய்ந்து, கன்றை முட்டி முட்டிக் கரையேற்றினாள். அது இருமி மூச்சுவிட்ட பிறகுதான் அவளுக்கு உயிர் வந்தது. கன்றோடு அக்கரைக்குப் போய்விட்டாள்.

"போனா போகட்டும். மேடைக்கா பஞ்சம்?" என்று வெள்ளையன் ஒரு மண்மேட்டில் போய் உட்கார்ந்தான். பொழுது சாய்ந்தது. ஒரு வெட்டுக்கிளிகூட எழவில்லை. மண்மேடு புல்லில் நடக்குமா என்ன?

பசி பொறுக்காமல் அக்கரைக்குப் பறந்தான். "மருதியக்கா! உங்களை விட்டா எனக்கு யார் இருக்கா?"

"வயிறு காய்ஞ்சதும் அக்காவா? என் பிள்ளை செத்துக்கிட்டு இருந்தப்ப நான் உனக்கு யாரு?"

வெள்ளையன் இன்னும் கிட்டே வந்தான்.

"போ, என் கண்முன்னாடி நிற்காதே!" என்று கொம்பை ஆட்டினாள் மருதி. அவன் பட்டினியோடு பறந்தான்.

ஓர் உயிரைப் பொருளென்று பேசிப் பழகியவனுக்கு, அந்த உயிர் கதறும்போது காது கேட்பதில்லை.