சடையன் வாலும் பூவாத்தாள் கையும்

இந்தக் கதையைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகவே இருக்கிறது. வேறு மாதிரி கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். எனக்குத் தெரிந்த வரிசையில் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் மிருகங்கள் பேசின. ஆண்களுக்கு வால் இருந்தது. பெண்களுக்கு இல்லை, ஏன் என்று எனக்குத் தெரியாது. ஆணின் மனதில் ஓடுவது வாலில் தெரிந்துவிடும். சந்தோஷம் என்றால் நிமிரும். பயந்தால் காலுக்கு நடுவே சுருளும். பொய் சொன்னால் நுனி மட்டும் துடிக்கும். அதனால் ஓர் ஆணிடம் முக்கியமாக எதையாவது கேட்க வேண்டும் என்றால், அவனைச் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொல்லித்தான் கேட்பார்கள். பெண் பார்க்க வந்தவனையும் அப்படித்தான் நிறுத்தினார்கள். கல்யாணம் முடிந்த பிறகுதான் பல பேர் மாப்பிள்ளையின் முகத்தையே சரியாகப் பார்த்தார்கள்.

மலையடிவாரத்தில் சடையன் என்று ஒருவன் இருந்தான். அவன் மனைவி பூவாத்தாளுக்கு அப்போது ஏழாம் மாதம். அவர்களுடைய தினைக்காட்டைப் பன்றிகள் கிளறிப் போட்டதால் சடையன் ஒரு குழி வெட்டி மேலே தழை பரப்பினான். குழி வெட்டினால் பக்கத்து மரத்தில் உயரமாக வேப்பங்கொத்து கட்ட வேண்டும். மற்ற மிருகங்கள் அதைப் பார்த்து ஒதுங்கிப் போகும். பன்றி அண்ணாந்து பார்க்காது. இதுதான் ஏற்பாடு. அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. காலையில் கட்டிக்கொள்ளலாம் என்று சடையன் வீட்டுக்கு வந்துவிட்டான்.

காலையில் குழிக்குள் புலிக்குட்டி ஒன்று செத்துக் கிடந்தது.

தாய்ப்புலி ஊருக்குள் வந்தது. குழியில் இருந்த ஆள் வாசத்தை மழை கழுவிவிட்டிருந்தது. குழி வெட்டியவனைக் கொன்றுவிட்டுத்தான் போவேன் என்று சொல்லிவிட்டு, முதல் வீட்டிலிருந்து ஒவ்வொரு ஆணாகத் திருப்பி நிறுத்திக் கேட்டுக்கொண்டே வந்தது. சடையன் வீடு கடைசி. ஓடினால் வாசத்தை வைத்தே பிடித்துவிடும். சடையனுக்கு வால் அப்போதே சுருண்டுவிட்டது.

பூவாத்தாள் கதிர் அறுக்கும் அரிவாளை எடுத்தாள்.

"வால் இல்லாம ஊருக்குள்ள எப்படிப் புள்ளே தலைகாட்டறது?" என்றான் சடையன்.

"தலை இருந்தாத்தானுங்க காட்டறதுக்கு" என்றாள் அவள். ஒரே இழுப்பு. காயத்தில் சாம்பலை அப்பி, வாலை அடுப்பில் போட்டாள்.

புலி வந்தது. திரும்பி நிற்கச் சொன்னது. திரும்பினான். வால் எங்கே என்று கேட்டது.

"அடுப்புல பட்டுக் கருகிருச்சுங்க ஆத்தா" என்றாள் பூவாத்தாள். வீட்டுக்குள் தீய்ந்த வாசம் இருந்ததால் புலி அதை ஒப்புக்கொண்டது. அவனை எதிரே உட்காரச் சொல்லி முகத்தைப் பார்த்தது. முகத்தைப் பார்த்துப் பழக்கமில்லாததால் அதில் ஒன்றும் புரியவில்லை.

"குழி வெட்டுனது நீயா?"

"நானில்லீங்க."

சொன்னதுதான் தாமதம், வாலில் துடிக்க வேண்டியது போக இடமில்லாமல் உடம்புக்குள் அலைந்தது. மீசை ஓரம் துடித்தது, சடையன் முறுக்கிவிட்டுக்கொண்டான். விரலுக்கு வந்தது; தரையில் கிடந்த நார் ஒன்றை எடுத்துத் திரித்தான். கடைசியில் வலது காலுக்கு இறங்கியது. குதிகால் தானாக ஆட, முழங்கால் தடதடவென்று அடித்தது. இதை நிறுத்த அவனுக்கு வழி தெரியவில்லை.

பூவாத்தாள் பக்கத்தில் உட்கார்ந்து அவன் முழங்காலில் கையை வைத்து அழுத்தினாள். கால் நின்றது.

புலி அந்தக் கையையே பார்த்தது. "எதுக்கு இப்படி அழுத்திப் பிடிச்சிருக்கே?"

"வயித்துல பிள்ளை இருக்குதுங்க. பயமா இருக்குது."

அது பொய் இல்லை. புலி அவள் வயிற்றைப் பார்த்தது. பிறகு எழுந்தது.

"பிடியை விட்டுறாதே. நான் என் குட்டியைக் கொஞ்ச நேரந்தான் விட்டேன்" என்று சொல்லிவிட்டு மலை ஏறிப் போய்விட்டது. எல்லாம் தெரிந்துதான் புலி போனதா என்று பூவாத்தாளுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

வால் இல்லாதவன் பிழைத்துக்கொண்டான் என்று தெரிந்ததும் ஊரில் மற்ற ஆண்களும் ஒவ்வொருவராக அறுத்துக்கொண்டார்கள். துடிப்பை யாராலும் அறுக்க முடியவில்லை.

அன்று முதல்தான், சொல்லாத ஒன்றை மனதில் வைத்துக்கொண்டிருக்கும் ஆணுக்கு மீசை ஓரத்துக்குக் கை போகிறது. கையில் கிடைத்த காகிதத்தைத் திரிக்கிறான். உட்கார்ந்த இடத்தில் கால் ஆடுகிறது. பக்கத்தில் இருக்கும் மனைவி என்ன ஏது என்று கேட்காமல், எதிரே இருப்பவரைப் பார்த்தபடியே, அவன் முழங்காலில் கையை வைத்து அழுத்திக்கொள்கிறாள்.