மயில் முதன்முதலாக அகவிய நாள்

“நாம எத்தனை பாட்டுப் பாடினாலும் இவ தூங்குறதில்ல கொற்றி. அந்த மயில் வந்து முனகினாத்தான் கண்ணை மூடுறா.”

“கூலியை மட்டும் தினையில எடுத்துக்குது. இன்னைக்கும் நாலு கதிரைக் காணோம்.”

அந்தக் காலத்தில், பறவைகளும் மனிதரும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டிருந்தபோது, தினைப்புனத்துக் காவல் பரணின் அடியில் நின்ற மயிலின் காதில் தற்செயலாக விழுந்த பேச்சு இது. முதலில் பேசியவள் வெண்ணி. நான்கு வயது சேந்தியின் தாய். மற்றவள் அவளோடு புனம் காத்த கொற்றி. மயில் வாயிலிருந்த கதிரை மெதுவாகக் கீழே வைத்தது.

அப்போது மயிலின் குரல், காய்ந்த மூங்கில் இலை தரையில் நகரும் ஓசை அளவுதான். அதன் தொண்டை தளிர் போன்றது. “உரக்கக் கூவிவிடாதே, கிழிந்துபோகும். பிறகு ஒட்டாது” என்று அதன் தாய் சொல்லி வளர்த்திருந்தது. அன்று மாலையிலிருந்து மயில் கதிரைத் தொடாமல் நேரே பரணேறிச் சேந்தியின் தலைமாட்டில் உட்கார்ந்தது.

“மயில் மாமா, நேத்துப் பாடினது பாடு” என்பாள் அவள்.

கிளிகளை ஓட்ட, பெண்கள் பிளந்த மூங்கிலால் செய்த தட்டையை அடிப்பார்கள். அதற்கும் பறக்காத கிளிகளின் மேல் கவண்கல் பாயும். அதனால் வெண்ணி மகளுக்கு ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தாள்: “தட்டைச் சத்தம் கேட்டா நிக்காதே. சத்தத்தை விட்டு விலகி ஓடிடு.”

ஒரு நண்பகலில் மலையுச்சியிலிருந்து மூடுபனி இறங்கியது. பூப்பறிக்கப் போன சேந்தியைக் காணவில்லை. கூப்பிட்ட குரலைக் காற்று அடித்துக்கொண்டு போனது.

“தட்டையை அடிங்கடி. சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டு வந்துடுவா” என்றாள் கொற்றி. பதற்றத்தில் வெண்ணியும் சேர்ந்து அடித்தாள்.

பாறைமேல் நனைந்த தோகையோடு ஒண்டியிருந்த மயில், பனி சற்று விலகிய இடைவெளியில் சேந்தி ஓடுவதைப் பார்த்தது. தாய் சொன்னபடியே அவள் சத்தத்தை விட்டு விலகித்தான் ஓடினாள். அவள் ஓடிய பக்கம் பள்ளம்.

“சேந்தி” என்றது மயில். தட்டைச் சத்தத்தில் அது அதற்கே கேட்கவில்லை. ஈரத் தோகையை இழுத்துக்கொண்டு பறந்துபோய்ச் சேர நேரமில்லை.

மயில் கழுத்தை நீட்டி, இருந்த மூச்சையெல்லாம் கூட்டிக் கூவியது. அந்தக் கூச்சல் பனியைக் கிழித்துக்கொண்டு போனது. தட்டைகள் நின்றன. சேந்தியும் நின்றாள். அவள் காலடியில் பெயர்ந்த கல் ஒன்று உருண்டு போய், வெகுநேரம் கழித்துக் கீழே விழுந்த ஓசை கேட்டது.

சத்தம் வந்த பாறைக்கு ஓடிவந்த வெண்ணி, பக்கத்தில் பள்ளத்தின் விளிம்பில் நின்ற மகளை வாரி எடுத்துக்கொண்டாள். மயில் ஏதோ சொல்ல வாயைத் திறந்தது. கரகரவென்று என்னவோ வந்தது. வெட்கப்பட்டு அது புதருக்குள் போய்விட்டது.

மூன்று மாலை மயில் வரவில்லை. சேந்தியும் சரியாகத் தூங்கவில்லை. நான்காம் நாள் வெண்ணி பரண்மேல் நின்று, வாயருகே கையைக் குவித்து, மயில் கூவியது போலவே கீச்சுக்குரலில் அழைத்தாள். ஒவ்வொரு குன்றின் பெயராகச் சொல்லி, “அங்கே இருக்கியா?” என்று நீட்டிக் கேட்டாள். ஐந்தாவது குன்றிலிருந்து அதே கீச்சுக்குரலில் பதில் வந்தது.

அப்படி எட்ட நிற்பவரை நீட்டி அழைப்பதற்கு மலைக்காரர்கள் அகவுதல் என்று பெயர் வைத்தார்கள். அன்று முதல்தான் மயில் கூவினால் அகவுகிறது என்கிறோம். குன்றுகளின் பெயர் சொல்லிப் பாடிய பெண்கள் அகவன்மகளிர் ஆனதும், புலவர்கள் நீட்டிச் சொன்ன பாட்டுக்கு அகவல் என்று பெயர் வந்ததும் அதற்குப் பிறகுதான்.

அன்று மாலை மயில் பரணேறி வந்து, வாயைத் திறக்காமல் உட்கார்ந்தது. சேந்தி அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே தூங்கிப்போனாள்.