டன்ஸ்கோம்ப் பிரபு ஒப்பித்த வம்சாவளி

கடலுக்கு அந்தப் பக்கம், இங்கிலாந்தின் ஒரு மூலையை வெகு காலத்துக்கு முன்னே ஆல்ட்வின் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒரு சட்டம் போடுவான், மத்தியானம் மறந்துபோவான். அதற்குள் யார் குடி கெட்டதோ, அவர்களால் மறக்க முடியுமா?

அந்த நாட்டுப் பிரபுக்களுக்குக் குடும்பப் பெயர்தான் உயிர். கோட்டை, நிலம், சபையில் நாற்காலி எல்லாம் அதோடு ஒட்டிக்கொண்டு வரும். வெதர்லி பிரபு போரில் செத்துப்போனார். மிஞ்சியது மனைவி எலினோரும் ஒன்பது மாதப் பெண் குழந்தையும். பக்கத்துக் கோட்டை டன்ஸ்கோம்ப் பிரபு நேரே ராஜாவிடம் ஓடினான்.

“மகாராஜா, பெயர் ஆணோடுதான் வாழும். ஆண் வாரிசு இல்லாவிட்டால் அந்தப் பெயர் செத்தது. கோட்டையும் குழந்தையும் பக்கத்துக் கோட்டைக்காரனுக்குச் சேரட்டுமே!”

“அட, நன்றாயிருக்கிறதே!” முத்திரை விழுந்தது.

எலினோர் குழந்தைக்குப் பால் புகட்டிய பாலாடையைக் கழுவிவிட்டுத் திரும்பினாள். தொட்டில் காலி.

வெறுங்காலோடு சபைக்கு ஓடினாள். டன்ஸ்கோம்பின் தாதி கையில் குழந்தை தொண்டை கட்ட அழுதுகொண்டிருந்தது.

“என் பிள்ளையைக் கொடுங்கள்!”

“சட்டம் அம்மணி, சட்டம்!” என்று இளித்தான் டன்ஸ்கோம்ப்.

 டன்ஸ்கோம்ப் கோட்டைத் தேவாலயத்துக் கல்லறைகளில் ஞாயிறுதோறும் வாசித்த பெயர்கள் எலினோருக்கு நினைவுக்கு வந்தன.

“மகாராஜா, பிள்ளையை ஏற்கிறவர் தம் வம்சாவளியைச் சபையில் சொல்லவேண்டும் என்பது நம் வழக்கமாயிற்றே?”

“ஆமாம்! சொல்லுமய்யா!”

டன்ஸ்கோம்ப் மார்பை நிமிர்த்தினான். “எங்கள் குலத்தின் முதல்வர் ‘கை’ என்ற பெயருடைய டன்ஸ்கோம்ப். அவர் மகன் ஹ்யூ டன்ஸ்கோம்ப். பிறகு என் பாட்டனார் வால்டர் டன்ஸ்கோம்ப்…”

“வால்டர், ஹ்யூவின் மகனா?” என்று குறுக்கிட்டாள் எலினோர்.

“மருமகன்.”

“பிறந்தபோது அவர் பெயர்?”

“வால்டர் பிராட். அதனாலென்ன? ஹ்யூவுக்கு ஒரே மகள். மாப்பிள்ளை பெண் வீட்டுப் பெயரை எடுத்துக்கொண்டார். எல்லாப் பெரிய குடும்பத்திலும் நடக்கிறதுதானே!”

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே கேட்டது.

“அப்போது பெண்ணிடம் பெயர் பிழைத்ததா, பிரபு?” என்றாள் எலினோர்.

ராஜா எழுந்தே விட்டான். “அடப்பாவி! என் சட்டப்படி உன் குடும்பம் ஹ்யூவோடு செத்துவிட்டதே! கட்டியக்காரா, அன்றைக்குப் பக்கத்துக் கோட்டை யாருடையது?”

“வெதர்லியுடையது, மகாராஜா.”

“அப்படியானால் டன்ஸ்கோம்ப் கோட்டை இந்த அம்மாவுக்கு!”

“எனக்கு எந்தக் கோட்டையும் வேண்டாம். பிள்ளையைக் கொடுங்கள். அந்தச் சட்டத்தைக் கிழியுங்கள்.”

ராஜா கிழித்தான். “பிராட்! இனி இந்தச் சபையில் உமக்கு அதுதான் பெயர். போய் வாசலோரம் நில்லும்.”

தாதி குழந்தையை நீட்டினாள். எலினோர் பறித்து மார்போடு அணைத்தாள். ராஜாவுக்கு மனம் இளகிவிட்டது. இரண்டு கையையும் நீட்டினான்.

“இப்படிக் கொடு அம்மா, ஆசீர்வதிக்கிறேன்.”

எலினோர் ஓரடி பின்வாங்கினாள்.

“அங்கிருந்தே ஆசீர்வதியுங்கள், மகாராஜா.”

நீட்டிய கைகளை ராஜா ஒரு கணம் பார்த்தான். பிறகு தலைகுனிந்து, அங்கிருந்தே ஆசீர்வதித்தான்.