வெயில் திருடி

மலையடிக் குளத்தின் கரையில் வரியன் என்ற உடும்பு ஒரு பாறையில் வசித்தான். கொஞ்சம் தள்ளி ஒரு மணல் திட்டில் செம்பி என்ற ஆமை குடியிருந்தாள்.

ஆனி, ஆடியில் காலை வெயில் முதலில் பாறைமேல்தான் விழும். வரியன் சுகமாகக் காய்வான். மார்கழி வந்தது. விடிந்து வெகுநேரமாகியும் பாறை மலை நிழலிலேயே கிடந்தது. வெயிலோ செம்பியின் மணலில் பளபளத்தது!

குளிரில் விறைத்த வரியனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏய் செம்பி! என் வெயிலை என்ன பண்ணினாய்?"

"நான் என்ன பண்ணினேன் அண்ணே? அதுவாக வந்தது!"

"அதுவாக வருமா? திருடி! இடத்தைக் காலி பண்ணு!"

"மண்ணுக்குள் என் முட்டைகள் இருக்கின்றன, அண்ணே. பொரியும்வரையாவது..."

வரியன் வாலை ஓங்கினான். செம்பி திரும்பித் திரும்பிப் பார்த்தபடி நகர்ந்து போனாள்.

வரியன் படுக்க வசதியாக மணலைப் பரபரவென்று பறித்தான். காலடியில் ஏதோ நொறுங்கியது. அவன் அதைச் சட்டைசெய்யவில்லை.

சில நாளில், வடக்கே தொலைதூரத்திலிருந்து வந்த ஊசிவால் வாத்து ஒன்று குளத்தில் இறங்கியது. அதனிடம் வரியன் பெருமையடித்தான்.

"என் பாறை வெயிலை எடுத்துக்கொண்ட செம்பி என்ற வெயில் திருடியைத் துரத்திவிட்டேன்!"

"வெயிலை யாரப்பா திருட முடியும்?" என்றது வாத்து. "பூமி பம்பரம் மாதிரி சுற்றுகிறது. சூரியனுக்கு முகம் காட்டும் பக்கம் பகல், மறுபக்கம் இரவு. அது மட்டுமா? சாய்ந்தபடியே வருஷத்துக்கு ஒருமுறை சூரியனையும் சுற்றி வருகிறது. இப்போது வடபாதி சூரியனை விட்டு விலகிச் சாய்ந்திருக்கிறது. அதனால்தான் எங்கள் ஊரில் பனி. இங்கே சூரியன் மலைக்குத் தென்புறமாக உதிக்கிறது; அதனால் மலை நிழல் உன் பாறைமேல் விழுகிறது. ஆனியில் வடபாதி சூரியன் பக்கம் சாய்ந்திருக்கும். அப்போது வெயில் உன் பாறைக்குத் தானே வந்துவிடும்!"

"அப்படியானால், செம்பி?"

"அவள் என்ன செய்வாள், பாவம்!"

வரியனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை. மெல்ல மணலை விலக்கிப் பார்த்தான். ஆறு முட்டைகளில் இரண்டு உடைந்து கிடந்தன.

அவன் செம்பியைத் தேடி ஓடினான். வாய்க்காலோரம் ஒரு முட்புதரடியில் அவள் ஒடுங்கிக் கிடந்தாள்.

"வந்துவிடு செம்பி. வெயிலை நீ எடுக்கவில்லை. தப்பு என்னுடையது."

"முட்டைகள்?"

வரியனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "நாலு இருக்கிறது. இரண்டு... என் காலால்..."

செம்பி மணல் திட்டின் பக்கம் திரும்பினாள். அங்கிருந்து மெதுவாக நடந்தாள். வரியன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனான்.

"என்னைத் திட்டவாவது செய்!" என்று கெஞ்சினான்.

அவள் திட்டவில்லை. மிச்சமிருந்த நாலு முட்டைகள்மேல் மணலை அள்ளி அள்ளி மூடினாள். அந்த மௌனம் வரியனுக்கு எந்த வெயிலையும்விடச் சுட்டது.

காரணத்தை அறியாமல் ஒருவர்மேல் பழி போட்டால், பிறகு எவ்வளவு வெட்கப்பட்டாலும் செய்த தீங்கைத் திருப்பி எடுக்க முடியாது.